குவார்ட்டர் கணக்கு

கோவையில் பவுண்டரி, பம்ப் கம்பெனி, மில் நடத்துபவர்களில் குடிப்பழக்கம் உள்ளவரிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ராத்திரி ஒரு குவார்ட்டருங்க, அதுக்கு மேல தொடறதில்லீங்க. காலைல ஆறு மணிக்கு ஷெட்டுல இருப்பனுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. தொழில் நடக்கிறது, சம்பளம் தேதி தவறாமல் போகிறது, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் கட்டியாகிறது. அதனாலேயே அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். குவார்ட்டர் என்பது 180 மில்லி. இங்கே விற்கும் பிராந்தியும் விஸ்கியும் பொதுவாக 42.8 சதவீத வலிமை கொண்டவை. அதில் உள்ள சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராம் குடித்தாலே அளவுமீறிய குடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். பலர் எப்போதாவது தொடும் அந்த எல்லையை இவர் தினமும் தொடுகிறார். "எனக்கு ஏறாது" என்பதும் பெருமைக்குரியதல்ல. மூளை பழகிவிட்டதன் அடையாளம் அது.

கல்லீரல் மணிக்கு ஏழெட்டு கிராமைத்தான் எரிக்கும். இரவு பத்து மணிக்குக் குடித்துவிட்டு விடியற்காலை நாலு மணிக்குக் காரை எடுக்கிறவருக்கு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற சட்ட வரம்புக்கு மேல் ஆல்கஹால் மிச்சமிருக்கலாம்.

தூக்கம்தான் இதில் முக்கியம். மது சீக்கிரம் தூங்க வைக்கும். பின்னிரவில் அதுவே தூக்கத்தைக் கலைக்கும். மூணு மணிக்கு விழிப்பு, படபடப்பு, ஏறிய ரத்த அழுத்தம், காலையில் எரிச்சல். நூல் விலை, மின்கட்டணம், பார்ட்டி மாதக்கணக்கில் இழுக்கும் பேமென்ட் எல்லாம் உண்மையான பாரம்தான். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி திருப்பூரில் எத்தனை பேர் தூக்கத்தைக் கெடுத்தது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் சரியாகத் தூங்காத மூளைக்கு அதே பாரம் இரண்டு மடங்காகத் தெரிகிறது. அதைத் தணிக்க இரவில் மறுபடியும் குவார்ட்டர்.

வசதியும் பேரும் காப்பாற்றாது. டி.டி.கே. தொழில் குடும்பத்தைச் சேர்ந்த ரங்கநாதன் குடிநோயால் 1979இல், 33 வயதில் இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் மறு ஆண்டே சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கினார். 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது.

"மாலை போட்டா நாப்பத்தெட்டு நாள் தொடமாட்டேன், நான் அடிமையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நாற்பத்தொன்பதாவது நாள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதே அதற்குப் பதில். இன்னொரு ஆபத்தும் உண்டு. பல ஆண்டுகள் தினமும் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம், இல்லாத உருவம் தெரிவது, சிலருக்கு மரணம்கூட. 2020 ஊரடங்கில் மதுக்கடைகள் மூடியபோது இப்படி மருத்துவமனைக்கு வந்தவர்கள் கூடியதைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மாலை போடுங்கள், அதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மாத்திரை உண்டு, தயமின் (வைட்டமின் பி1) ஊசி உண்டு.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் 'குடி மறக்க வைக்கும் மருந்து' வேண்டவே வேண்டாம். அப்படி டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்தது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரியும், இதயம் தடுமாறும், உயிரே போகலாம். அவர் சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்தால் மட்டுமே அது மருந்து.

அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது கல்லீரலுக்கான ஜி.ஜி.டி. பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். மருத்துவரிடம் "எப்பவாச்சும்" என்று சொல்லாமல் எத்தனை மில்லி என்று சொல்லுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். சம்பந்திக்கும் பேங்க் மேனேஜருக்கும் தெரிந்துவிடுமோ என்ற பயமே பலரைத் தடுக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடிநோயையும் உள்ளடக்கியது. அதன் 23ஆம் பிரிவின்படி, சிகிச்சை விவரத்தைக் காப்பது மருத்துவரின் கடமை.