ஆறாத மனக்காயமும் போதையின் பிடியும்

வியட்நாம் போரில் ஈடுபட்டிருந்த அமெரிக்க வீரர்களிடையே ஹெராயின் பழக்கம் பரவியிருந்தது 1971ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசைக் கலங்கச் செய்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தாயகம் திரும்பிய தரைப்படை வீரர்களை லீ ராபின்ஸ் என்னும் ஆய்வாளர் ஆராய்ந்தார். வியட்நாமில் இருந்தபோது அவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் போதைக்கு அடிமையாகியிருந்தார். ஆயினும், அவ்வாறு அடிமையானோருள் நாடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே. அடிமைத்தனத்தைப் போதைப்பொருள் மட்டுமே தீர்மானிப்பதில்லை. அதை நாடச் செய்யும் சூழலுக்கும் அதில் பங்குண்டு என்பதை இம்முடிவு உணர்த்தியது.

ஆனால், போர்க்களத்தை விட்டு வந்த பின்னரும் சிலருடைய மனத்தில் போர் ஓயவில்லை. கொடுங்கனவுகள், சிற்றொலிக்கும் திடுக்கிடுதல், நிகழ்ந்தவை கண்முன் மீண்டும் தோன்றுதல் ஆகியவற்றால் அவர்கள் துன்புற்றனர். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதனை ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய்’ எனத் தனி நோயாக வகைப்படுத்தியது. போர் மட்டுமன்றி விபத்து, பேரிடர், வன்முறை, குழந்தைப் பருவக் கொடுமை ஆகியவையும் இந்நோய்க்குக் காரணமாகலாம்.

இந்நோயுற்றோர் சிலர் மதுவையும் போதைப்பொருளையும் நாடுவது ஏன்? தாங்கவியலாத மனவேதனையைத் தணிக்கத் தாமே தேடிக்கொள்ளும் மருந்தாக அவற்றைக் கருதுகின்றனர் என்று எட்வர்டு கன்ட்சியன் என்னும் மனநல மருத்துவர் 1985இல் விளக்கினார். மது சிறிது நேரம் பதற்றத்தை அடக்குகிறது. அதன் வேகம் தணிந்ததும் உறக்கம் கெடுகிறது. பதற்றம் முன்னிலும் மிகுகிறது. அதை அடக்க மேலும் குடிக்க நேர்கிறது. இவ்வாறு நோய் போதையை வளர்க்க, போதை நோயை வளர்க்கிறது.

அதிர்ச்சிக்கு உள்ளானோர் அனைவரும் அடிமையாவதில்லை. அடிமையானோர் அனைவரும் அதிர்ச்சிக்கு உள்ளானவர்களும் அல்லர். எனினும் இரண்டும் சேர்ந்திருப்பின், ஒன்றைவிட்டு மற்றொன்றை மட்டும் குணப்படுத்துதல் அரிது. எனவே, இரண்டிற்கும் ஒருங்கே சிகிச்சையளிக்கும் முறையை இக்கால மருத்துவம் பரிந்துரைக்கிறது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவரின் மேற்பார்வை இன்றியமையாதது.

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416 ஆகும். அடிமைத்தனத்தை ஒழுக்கக்கேடு என இகழும்போது, துன்புறுவோர் தம் காயத்தை மேலும் மறைக்கின்றனர். அதனை நோயென உணர்ந்து பரிவுடன் அணுகும்போதுதான் உதவி கேட்கும் துணிவு அவர்களுக்குப் பிறக்கும்.