பணிக்குத் திரும்பும் தாயின் ஒரு நாள்

மகப்பேறு விடுப்பு முடியப்போகும் வாரத்தில் எங்கள் குழந்தை நலப் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் தாய்மார்களின் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: எந்த டப்பாப் பால் வாங்கலாம்? குழந்தை நன்றாக எடை கூடியிருக்கும். தாய்ப்பாலும் குறைவின்றி இருக்கும். ஆயினும், காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டு மாலை ஆறரைக்கு வீடு திரும்பும் பெண்ணால் தாய்ப்பாலைத் தொடர இயலாது என்று வீட்டில் முன்னமே முடிவாகியிருக்கும். சில வாரங்கள் கழித்து அதே தாய் பால் வற்றிவிட்டதென்று வருந்தி வருவதையும் காண்கிறோம். வேலைக்குச் செல்வதால் மட்டும் பால் வற்றுவதில்லை. பெரும்பாலும் நடுப்பகலின் நீண்ட இடைவெளியே அதற்குக் காரணமாகிறது.

மார்பகத்திலிருந்து பால் வெளியேற வெளியேறத்தான் புதிய பால் சுரக்கும். நிறைந்த மார்பகம் காலியாகாமலே பத்து மணி நேரம் இருந்தால், தேவை குறைந்துவிட்டதென்று கொண்டு உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரவில் மிகுதியாக இருக்கும். சுரந்த பாலை வெளியேற்றும் ஆக்சிடோசினோ மனநிலையைச் சார்ந்தது. பதற்றமும் வலியும் கூச்சமும் அதைத் தடுக்கும். குழந்தையின் நினைவே அதைத் தூண்டும். அலுவலகத்தில் எங்கோ ஒரு குழந்தை அழும் குரல் கேட்டதும் மேலாடை நனைந்துபோவதாகத் தாய்மார்கள் கூறுவது இதனால்தான்.

ஆகவே நாளை வகுக்கும்போது கடிகாரத்தைவிடப் பால் வெளியேறும் வேளைகளையே கணக்கிட வேண்டும். விடியலில் ஒரு முறை, வீட்டை விட்டுப் புறப்படுவதற்குச் சற்று முன் ஒரு முறை, திரும்பியவுடன் ஒரு முறை, பின்னர் இரவு முழுவதும் குழந்தை கேட்கும்போதெல்லாம் நேரடியாகப் பாலூட்டலாம். எஞ்சுவது பகல். அதில் மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை, இயலாதெனில் பகலில் இரு முறையேனும், பாலைப் பீய்ச்சி எடுத்தால் சுரப்பு நிலைக்கும். ஒவ்வொரு முறையும் பதினைந்து அல்லது இருபது நிமிடங்கள் போதும். எங்கள் பிரிவின் செவிலியரிலும் முதுநிலை மாணவியரிலும் பலர் இரவுப் பணிக்கிடையே இதைச் செய்து வருகின்றனர்.

இதற்கு விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை. கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின், கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் காம்பிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் தள்ளி எதிரெதிராக வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்கித் தளர்த்த வேண்டும். தோலின் மேல் விரல்களை வழுக்கித் தேய்ப்பது வலியைத் தரும். காம்பை மட்டும் பிசைவதால் பயனில்லை. தொடக்க நாட்களில் முப்பது மில்லிலிட்டரே வரக்கூடும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். குழந்தை உறிஞ்சி எடுக்கும் அளவுக்குக் கையோ கருவியோ ஈடாகாது. பீய்ச்சிய அளவு சுரப்பின் அளவும் அன்று.

எடுத்த பாலை என்ன செய்வது

மூடியுள்ள, வாய் அகன்ற ஸ்டீல் அல்லது கண்ணாடிப் பாத்திரம் ஏற்றது. வெந்நீரில் கொதிக்க வைத்து உலர்த்திய பாத்திரத்தில் பாலைச் சேர்த்து, நாளையும் நேரத்தையும் ஒட்டிவைக்கலாம். அறை வெப்பநிலை 25 டிகிரி செல்சியசுக்குள் இருந்தால் பாலை நான்கு மணி நேரம் வெளியே வைக்கலாம். நம் ஊர்க் கோடையில் அத்தகைய அறை அரிது. எனவே உடனே குளிர்சாதனப் பெட்டியிலோ பனிக்கட்டிப் பைகளுடன் கூடிய குளிர்காப்புப் பையிலோ வைப்பதே நன்று. குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வரை கெடாது என்பது பொது விதி. மின்தடை உள்ள ஊர்களில் நாங்கள் ஒரு நாளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. கதவில் உள்ள தட்டில் வைக்காமல் உட்புறம் வைக்க வேண்டும்.

பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். தாய்ப்பாலைப் பசும்பாலைப் போல் அடுப்பில் காய்ச்ச வேண்டாம்; அதன் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கெடும். வெதுவெதுப்பான நீர் உள்ள கிண்ணத்தில் பால் பாத்திரத்தைச் சற்று நேரம் வைத்தாலே போதும். மேலே ஆடைபோல் கொழுப்பு பிரிந்து நிற்பது இயல்பு. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். பால் குறைவாக இருக்கிறதென்று தண்ணீர் சேர்ப்பது தவறு. சூடாக்கிய பாலை இரண்டு மணி நேரத்திற்குள் கொடுத்துவிட வேண்டும்.

எவ்வளவு பால் தேவைப்படும்? ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை குழந்தை நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லிலிட்டர் அளவில் குடிக்கிறது. தாய் வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் 30 முதல் 45 மில்லிலிட்டர் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். புட்டியைவிடப் பாலாடையே சிறந்தது. குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்து, பாலாடையின் நுனியைக் கீழுதட்டில் பொருத்தி, குழந்தை தானே உறிஞ்சும் வேகத்தில் கொடுக்க வேண்டும். வாயினுள் ஊற்றுவது கூடாது. தாய் அருகில் இருந்தால் குழந்தை பாலாடையை ஏற்க மறுக்கும். ஆதலால் விடுப்பு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே, தாய் வேறு அறையில் இருக்க, மற்றொருவர் கொடுத்துப் பழக்கலாம். ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் கூடிவந்தால் பால் போதுமானதாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

சில குழந்தைகள் பகலில் சிறிதளவே குடித்து, தாய் வந்தபின் இரவெல்லாம் குடிக்கும். வீட்டார் இதைக் கெட்ட பழக்கம் என்பர். நாங்கள் அவ்வாறு கருதுவதில்லை. பகலில் இழந்ததைக் குழந்தை தானே ஈடுசெய்துகொள்கிறது, தாயின் சுரப்பும் காக்கப்படுகிறது. ஆனால் தாயின் உறக்கம் குலையும். அதற்கு வீட்டார்தாம் வழி செய்ய வேண்டும்.

மாலை ஆறரை மணி

நாங்கள் கேட்டறிந்தவரை பல வீடுகளிலும் மாலை ஒரே விதமாக நிகழ்கிறது. தாய் வந்ததும், 'நீ சமையலைப் பார், குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன்' என்று ஒருவர் அன்புடன் முன்வருகிறார். உதவும் எண்ணம்தான், ஆனால் பணிகள் இடம் மாறிவிட்டன. சமைக்கவும் துணி துவைக்கவும் வீட்டில் வேறு எவராலும் இயலும். பாலூட்ட ஒருவரால் மட்டுமே இயலும். ஆதலால் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, அடுப்பை மற்றவர் பார்த்துக்கொள்வதே முறை. இரவில் குழந்தை விழித்தால் எடுத்து வந்து கொடுப்பதும், பாலூட்டியபின் ஏப்பம் விடச் செய்வதும், ஈரத்துணி மாற்றித் தூங்க வைப்பதும் தந்தையின் பணிகளாகலாம். மறுநாளுக்கான பாத்திரங்களைக் கழுவிக் கொதிக்க வைப்பதையும் அவரே ஏற்றால், தாய்க்கு அரைமணி நேர உறக்கம் கூடுதலாகக் கிட்டும்.

அலுவலகத்தின் பங்கும் உண்டு. மகப்பேறு விடுப்பை 26 வாரங்களாக 2017ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் உயர்த்தியது; முதல் இரு குழந்தைகளுக்கு இது பொருந்தும். தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021இல் அதை ஓராண்டாக்கியது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரத்திற்கு மேலாக நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தாய்க்கு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் அமைக்கக் கடமைப்பட்டது. கழிவறையைப் பால் எடுக்கும் இடமாகக் காட்டும் மேலாளரிடம் இவற்றை எடுத்துக் கூறலாம். தேவையெனில் மருத்துவர் கடிதமும் தருகிறோம். இருபத்தாறு வாரங்களில் எட்டு வாரங்களைப் பேற்றுக்கு முன்பே எடுத்துவிட்டால், பணிக்குத் திரும்பும்போது குழந்தைக்குப் பதினெட்டு வாரமே ஆகியிருக்கும். தாய்ப்பால் மட்டுமே உணவாக உள்ள பருவம் அது. உடல்நிலை இடந்தருமானால் முன்விடுப்பைச் சுருக்கிக்கொள்வது நலம். ஜவுளிக்கடையிலும் கட்டட வேலையிலும் வீட்டு வேலையிலும் உள்ள பெண்களுக்கு இவ்வுரிமைகள் பெரும்பாலும் எட்டுவதில்லை. அவர்கள் மதிய உணவு வேளையில் ஒரு முறை பாலை எடுத்தாலும், அதைச் சேமிக்க வசதியின்றிக் கொட்ட நேர்ந்தாலும்கூட, இரவுச் சுரப்பு காக்கப்படும்.

ஆறு மாதம் நிறைந்தபின் குழைத்த பருப்புச் சாதம், மசித்த வாழைப்பழம், உருளைக்கிழங்கு, முட்டை ஆகியவற்றை நாளுக்கு இரண்டு மூன்று முறை தொடங்கலாம். பகல் உணவு எளிதாகிவிடும். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம். ஒரு வயதுக்குள் பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுப்பதும், தேன் கொடுப்பதும் கூடாது.

களைப்பு என்று ஒதுக்காதீர்கள்

இப்பகுதியை உடனிருப்போர் கட்டாயம் படிக்க வேண்டும். வேலைக்குப் போகும் தாய் களைத்திருப்பது இயல்பே என்று எல்லோரும் எண்ணுவதால், அவருடைய நோய் கண்ணில் படாமல் போகிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உண்டு. பேற்றுக்குப் பின் 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரை எடுக்க வேண்டும் என்பது விதி. பணிக்குத் திரும்பும் பரபரப்பில் முதலில் நின்றுபோவது அதுவே. தேநீர், காபி, கால்சிய மாத்திரை ஆகியவற்றுடன் சேர்த்து அதை விழுங்கினால் பயன் குறையும். பேற்றுக்குப் பின் சில மாதங்களில் தைராய்டு சுரப்பு குறைவதும் உண்டு. அதுவும் அசதியாகவே தோன்றும். மார்பகத்தில் சிவந்த கட்டியுடன் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். அந்நிலையிலும் பாலூட்டுவதை நிறுத்தலாகாது.

குழந்தை உறங்கும்போதும் உறக்கம் வராமை, காரணமற்ற அழுகை, குழந்தையிடம் ஈடுபாடின்மை, தான் நல்ல தாயன்று என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. பாலூட்டும்போது எடுக்கத்தக்க மருந்துகளும் உண்டு. தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் எழுந்தால் அவரைத் தனியே விடாமல், எந்நேரமாயினும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். டெலி மானஸ் என்னும் அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது.

விடுப்பு முடிவதற்கு மூன்று வாரம் முன்னதாகவே எங்களிடம் வருவது நலம். அப்போது, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரையும் உடன் அழைத்து வாருங்கள்; பாலாடையையும் எடுத்து வாருங்கள். எங்கள் செவிலியர் முன்னிலையில் அவரே ஒரு முறை பால் கொடுத்துப் பார்த்துவிட்டுச் செல்லலாம்.