நமது கம்ப்யூட்டர்களைக் காப்பவர் யார்?



கல்லாப்பெட்டிக்கும் தராசுக்கும் அடுத்தபடியாக இன்று கடையில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்வது, சரக்கு லாரி ஏறும்போது இ-வே பில் எடுப்பது என்று எல்லாமே அதன் வழியாக நடக்கிறது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர்களைப் பழுதின்றி ஓட வைக்கும் மனிதரைப் பற்றி நம்மில் பலருக்கு அதிகம் தெரியாது. சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பது அவருடைய உத்தியோகப் பெயர். சுருக்கமாக சிஸ்டம் அட்மின் என்பார்கள். நமது பக்கத்தில் "கம்ப்யூட்டர் தம்பி" என்றால் போதும். அவர் என்ன செய்கிறார், எந்தெந்தக் கருவிகளை வைத்திருக்கிறார், எதை எதற்காகத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை ஒரு மொத்த வியாபாரியின் பார்வையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏலக் கூடத்தில் வந்த மாற்றம்

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்வோருக்கு இது புதிய விஷயம் அல்ல. முன்பெல்லாம் ஏலம் என்றால் குரல் கொடுத்து விலை கேட்பதுதான். 2007-ம் ஆண்டில் ஸ்பைசஸ் போர்டு போடியிலும் வண்டன்மேட்டிலும் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. சாம்பிள் காயைக் கையில் எடுத்து நிறம், பருமன், வாசனை பார்ப்பது மாறவில்லை. விலை கேட்பது மட்டும் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. 2021 ஜனவரியில் "கிளவுட்" முறை வந்தது. அதன் பிறகு போடி மையத்தில் இருந்துகொண்டே புற்றடி ஏலத்திலும், புற்றடியில் இருந்துகொண்டே போடி ஏலத்திலும் விலை கேட்க வழி ஏற்பட்டது.

கிளவுட் என்றால் கணக்கு வைத்திருக்கும் பிரதான கம்ப்யூட்டர் நமது கூடத்தில் இல்லை, எங்கோ தொலைவில் இருக்கிறது என்று பொருள். இணைய இணைப்புத்தான் அதற்கும் நமக்கும் உள்ள ஒரே பாலம். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது நினைவிருக்கலாம். அந்த விலையில் 100 கிலோ கொண்ட ஒரு லாட் 7 லட்சம் ரூபாய். விலை ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு வியாபாரியின் திரை மட்டும் அசையாமல் நின்றுவிட்டால் அவருக்குச் சரக்கு போயிற்று. போட்டியில் ஒரு ஆள் குறைந்ததால் விவசாயிக்கும் விலை குறையலாம். இரு தரப்பு நஷ்டத்தையும் தடுக்கும் பொறுப்பு, திரைக்குப் பின்னால் இருக்கும் அந்த அட்மினுடையது.

ஒரு நாள் வேலை

வியாபாரம் தொடங்கும் முன்பே அவருடைய வேலை தொடங்கிவிடும். நேற்றிரவு கணக்குகளைப் பிரதி எடுக்கும் வேலை முடிந்ததா என்று முதலில் பார்ப்பார். பிறகு டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம், யு.பி.எஸ். பாட்டரி எப்படி இருக்கிறது, இணைப்பு சரியாக வருகிறதா என்று வரிசையாகச் சோதிப்பார். டிஸ்க் நிரம்பிவிட்டால் பில் போடும் புரோகிராம் நடுவில் நின்றுவிடும். குடோனில் இடமில்லாத நேரத்தில் வாசலில் லோடு வந்து நிற்பது போலத்தான்.

பத்து மணிக்கு மேல் போன்கள் வரும். "பிரிண்டர் ஓடவில்லை", "பாஸ்வேர்டு மறந்துவிட்டது", "திரை அப்படியே நிற்கிறது" என்பார்கள். பெரும்பாலும் வயர் கழன்றிருக்கும், அல்லது பேப்பர் சிக்கியிருக்கும். நல்ல அட்மின் அதையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பார். ஒரே பிரிண்டருக்கு ஒரு மாதத்தில் நான்கு முறை போன் வந்தால், ரிப்பேர் செலவைவிட மாற்றுவதே லாபம் என்று அந்த நோட்டு சொல்லிவிடும். பெரிய மாற்றங்களை அவர் வியாபாரம் முடிந்த பிறகே தொடுவார். பண்டிகை நேரக் கூட்டத்தில் நாம் ஸ்டாக் எடுப்பதில்லை அல்லவா?

அவருடைய பையைத் திறந்தால் ஸ்க்ரூ டிரைவர், டார்ச், மல்டிமீட்டர், கேபிளின் முனையைப் பொருத்தும் கிரிம்பிங் டூல், கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளும் ஒழுங்காகச் சேருகின்றனவா என்று விளக்கு எரிந்து காட்டும் டெஸ்டர், உபரியாக இரண்டு கேபிள்கள் ஆகியவை இருக்கும். இவற்றை வாங்கும்போது அவர் பார்ப்பது இரண்டே விஷயங்கள். பழுதானால் உதிரி பாகம் போடியிலோ தேனியிலோ கிடைக்குமா, அல்லது மதுரையிலிருந்து மறுநாளைக்குள் வந்து சேருமா? தான் ஊரில் இல்லாத நாளில் இன்னொருவர் பார்த்துப் புரிந்துகொள்ள முடியுமா? இவ்விரண்டுக்கும் "ஆம்" என்ற பதில் இல்லாத சாமான் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அவர் தொட மாட்டார்.

முதல் எதிரி மின்சாரம்

மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கு இடியும் மின்னலும் மின்தடையும் பழகிப்போனவை. கம்ப்யூட்டருக்கு அவை ஆகாது. யு.பி.எஸ். என்பது மின்சாரம் போனதும் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரை தாங்கிப் பிடிக்கும் சாதனம். இதில் இரண்டு வகை உண்டு. ஆஃப்லைன் வகை, மின்சாரம் போன பிறகு பாட்டரிக்கு மாறும். நடுவில் கண்ணிமைக்கும் நேரத்திற்கும் குறைவான இடைவெளி ஒன்று விழும். ஆன்லைன் வகையில் அந்த இடைவெளியே இல்லை. ஒற்றைக் கம்ப்யூட்டர் வைத்துப் பில் போடும் கடைக்கு முதல் வகை போதும். பல கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் ஒரு சர்வர் இருந்தால் அதற்கு இரண்டாம் வகையே நல்லது.

அடுத்தது எர்த். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழியைக் கோடையில் யாரும் நினைப்பதில்லை. மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. வாரம் ஒரு முறை அங்கே ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது ஆயிரக்கணக்கான ரூபாய் சாமானைக் காக்கும். தாமிரக் கம்பியில் வரும் டெலிபோன் லைன் மின்னலையும் கூடவே அழைத்து வரும். கண்ணாடி இழைக் கேபிள் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மலைப் பகுதிக்கு அது ஏற்றது. ஆனால் அதன் மோடத்துக்கும் பவர் ஒயர் உண்டு. இடி சத்தம் கேட்டால் அந்தப் பிளக்கையும் பிடுங்கி வைப்பதே நல்லது.

பழுது எங்கே?

"நெட் வரவில்லை" என்று நாம் சொன்னதும் அட்மின் சில எழுத்துகளைத் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டளையின் பெயர் "பிங்". 1983-ல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் எழுதியது. கடலுக்கடியில் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்டு தூரம் அறிவார்கள் அல்லவா, அந்த ஓசையின் பெயரையே இதற்கும் வைத்தார். "இருக்கிறாயா?" என்று கேட்டு, "இருக்கிறேன்" என்ற பதில் எத்தனை நேரத்தில் வருகிறது என்று பார்ப்பதுதான் இதன் வேலை. நாற்பது ஆண்டுகள் ஆகியும் அட்மின்கள் முதலில் எடுக்கும் கருவி இதுவே. காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை.

பூப்பாறையில் ஏற்றிய லோடு வந்து சேரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? போடிமெட்டைத் தாண்டியதா, முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டியதா என்று ஒவ்வொரு இடமாக விசாரிக்கிறோம். அட்மினும் அதையே செய்கிறார். முதலில் கடைக்குள் இருக்கும் அடுத்த கம்ப்யூட்டர், பிறகு மோடம், பிறகு வெளியூரில் ஒரு முகவரி. மோடம் வரை பதில் வந்து, அதற்கு மேல் வரவில்லை என்றால் பெரும்பாலும் வெளி லைனில்தான் கோளாறு. நல்ல கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

பேரேட்டுக்கு ஒரு பிரதி

நம் பெரியவர்கள் நாட்குறிப்பும் பேரேடும் தனித்தனியாக எழுதினார்கள். ஒன்று நனைந்தாலும் மற்றொன்றை வைத்துக் கணக்கை எடுத்துவிடலாம். கம்ப்யூட்டர் கணக்குக்கும் அதே நியாயம்தான். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு கட்டிடத்தில் என்பது அட்மின்களின் பொது விதி. கடையில் ஒன்று, தனி டிஸ்க்கில் ஒன்று, வீட்டு பீரோவில் ஒன்று என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

பிரதி எடுப்பதோடு வேலை முடிவதில்லை. அதிலிருந்து கணக்கைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று சோதிக்க வேண்டும். கிட்லேப் என்ற பெரிய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று களைப்போடு வேலை பார்த்த ஒரு ஊழியர், தவறான சர்வரில் தகவல்களை அழித்துவிட்டார். பிரதி எடுக்கப் பல ஏற்பாடுகள் இருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் பெரும்பாலானவை உதவவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அந்நிறுவனம் இதை ஒளிக்காமல் உலகுக்கே அறிவித்தது.

நமக்கு இதில் சட்டமும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவின்படி, வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போர் முறையாகப் பிரதி எடுத்துப் பாதுகாக்க வேண்டும் என்று 57-வது விதி சொல்கிறது. டிஸ்க் போய்விட்டது என்பது அதிகாரி முன் பதிலாகாது.

பூட்டும் சாவியும்

2017 மே மாதத்தில் "வான்னாகிரை" என்ற வைரஸ் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவி, கணக்குகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். நம் நாட்டில் 2024 ஜூலை மாதக் கடைசியில், சிறு வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் இத்தகைய தாக்குதலுக்கு ஆளானது. பாதுகாப்புக்காக அதன் தொடர்பைத் துண்டித்ததில் சுமார் 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் பணப் பரிமாற்றம் தடைப்பட்டது.

அப்படியானால் வருகிற திருத்தங்களை எல்லாம் உடனே போட்டுவிடலாமா? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான திருத்தத்தால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போல, அட்மின் முதலில் ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பார். அது நன்றாக ஓடினால் ஓரிரு நாளில் மற்றவற்றுக்கும் போடுவார்.

நாம் செய்ய வேண்டியவை

1. பிரதி எடுக்கும் டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே வைக்காதீர்கள். வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

2. பாஸ்வேர்டுகளை ஒரு கவரில் எழுதி ஒட்டி முதலாளியின் பெட்டகத்தில் வையுங்கள். கம்ப்யூட்டர் தம்பிக்கு மட்டுமே தெரியும் என்ற நிலை அவருக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல.

3. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுங்கள். கடை முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் தவறு நடந்தால் யார் செய்தது என்று தெரியாது. நாணயமான சிப்பந்தி மீதும் சந்தேகம் விழும்.

4. ஆண்டு முடிவில் கணக்கைச் சரிபார்ப்பது போல, பிரதியிலிருந்து கணக்கைத் திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. "எதுவும் பழுதாகவில்லையே, பிறகு எதற்கு மாதா மாதம் பணம்?" என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இரவுக் காவலாளியிடம் "இந்த வருஷம் திருட்டே நடக்கவில்லையே" என்று சொல்லி நாம் சம்பளத்தைக் குறைப்பதில்லை. பழுது ஏற்பட்டால் மட்டும் பணம் என்று பேசினால், பழுது வராமல் காப்பவருக்கு வருமானம் இல்லை என்றாகிவிடும். அப்படி ஒரு ஏற்பாட்டை நம் தொழிலில் யாராவது ஏற்போமா? மாதக் கட்டணத்தைப் பேசி முடிவு செய்யுங்கள், தேதி தவறாமல் கொடுங்கள், செய்த வேலையை நோட்டில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.