அம்மா சொன்ன தோட்டம்

அம்மாவுக்கு 88 வயது. ஈப்போவில் எங்களோடு இருக்கிறார். பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் எல்பில் தோட்டம்.

“எனக்குப் பத்து வயசு இருக்கும். துரையைச் சுட்டுட்டாங்கன்னு லயமே அலறுச்சு” என்பார்.

“பாட்டி சொல்றது நெஜமாப்பா?” என்று மகள் கேட்டாள்.

கூகுளில் ‘சுங்கை சிப்புட் எஸ்டேட்’ என்று ஆங்கிலத்தில் தட்டினேன். வந்து விழுந்தவை வீடு விற்பனை விளம்பரங்கள்! எஸ்டேட் என்றால் இணையத்துக்கு வீடமைப்புப் பகுதியும்தானே?

“சந்தை முழுக்கக் கூவாதீங்க. சரக்கு இருக்கிற கடைக்குள்ள போய்க் கேளுங்க” என்றாள் மகள். வழி எளிது. தேட வேண்டிய சொற்களை எழுதுங்கள். ஓர் இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் ‘சைட்’, அடுத்து முக்காற்புள்ளி, அதை ஒட்டியே அகப்பக்க முகவரி. முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி கூடாது. அந்த முகவரியில் உள்ளவை மட்டுமே வரும். ‘ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று முகவரியின் வால்பகுதியை மட்டும் கொடுத்தால், நம் அரசாங்க அகப்பக்கங்களுக்குள் மட்டும் தேடும். பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால், அதே சொற்றொடரைத் தேடும்.

எங்களுக்கு வேண்டிய கடை சிங்கப்பூரில் இருந்தது. மலாயா காலத்து நாளேடுகளை அங்குள்ள தேசிய நூலக வாரியம் மின்வடிவில் இணையத்தில் வைத்திருக்கிறது. அதன் முகவரி ‘என்எல்பி டாட் ஜிஓவி டாட் எஸ்ஜி’. கூகுள் எட்டாத பக்கங்களும் உண்டு என்பதால், அந்த அகப்பக்கத்தின் சொந்தத் தேடல் பெட்டியிலும் பார்ப்பது நல்லது. அங்கே ஆண்டையும் நாளேட்டையும் குறிப்பிட்டுத் தேடலாம்.

முதலில் அதிகம் கிடைக்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது: ‘சுங்கை’ என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டில் இன்று ‘ஏ’ வரும் இடத்தில் அன்று ‘இ’ போட்டார்கள். மாற்றித் தட்டினோம்.

வந்தது 1948 ஜூன் 16. எல்பில் தோட்ட நிர்வாகி ஆர்தர் வாக்கர் அன்று காலை அலுவலகத்தில் சுடப்பட்டார். சற்று நேரத்தில், பக்கத்துத் தோட்டத்தில் ஜான் எலிசனும் இயன் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டனர். மலாயாவில் அவசரகாலம் பிறந்தது அதையொட்டித்தான்.

மகள் சத்தமாகப் படித்தாள். அம்மா கண்ணை மூடிக் கேட்டார். “கிழவி கதை விடுறான்னுதானே நெனச்சீங்க?”

நாங்கள் படித்த செய்திகளில் துரைமார்களின் பெயர்கள் இருந்தன. பால்மரம் வெட்டிய ஒருவர் பெயரும் இல்லை. “அன்னிக்குப் பிரட்டுக்கு யார் யார் வந்தாங்க பாட்டி?” என்று மகள் கேட்டாள். அம்மா ஒவ்வொரு வீடாகச் சொல்லத் தொடங்கினார். எந்த அகப்பக்கத்திலும் கிடைக்காத பெயர்கள். மகள் கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்தினாள்.