மறைந்த மீட்டர் பாதை

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ரயில்கள் விழுப்புரம் ஜங்ஷனில் சற்று அதிக நேரம் நிற்பது முன்பெல்லாம் வழக்கம். காபி அருந்தவும் கூஜாவில் தண்ணீர் பிடித்துக்கொள்ளவும் பிரயாணிகளுக்கு அந்த அவகாசம் உதவிற்று. ஆனால் ரயில்வேக்காரர்கள் நம் பசியை உத்தேசித்து அதை அளிக்கவில்லை. எழும்பூரிலிருந்து வண்டியை இழுத்து வந்த மின்சார எஞ்சினைக் கழற்றிவிட்டு, நீராவி எஞ்சினையோ டீசல் எஞ்சினையோ பூட்டவேண்டியிருந்தது. மின்சாரக் கம்பி அவ்வூரோடு முடிந்துவிட்டது. இந்தியாவிலேயே மின்சாரத்தால் ரயில் ஓடிய மீட்டர் பாதை, சென்னைக் கடற்கரைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இருந்த இது ஒன்றுதான். தினந்தோறும் அதில் போய் வந்தவர்களிலேயே பலர் இதை அறியார்.

மீட்டர் என்ற பெயர் வந்த கதை வேடிக்கையானது. 1870-ஆம் ஆண்டை ஒட்டி, மேயோ பிரபுவின் சர்க்கார் சிக்கனத்தை முன்னிட்டு, 5½ அடி அகலப் பாதைக்குப் பதிலாகக் குறுகிய பாதை போடத் தீர்மானித்தது. மெட்ரிக் அளவைகள் இந்நாட்டில் விரைவிலேயே அமுலுக்கு வரும் என்று நம்பி, அகலத்தை ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். அளவைகளோ சுதந்திரத்துக்குப் பிறகு, 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தினால்தான் வந்தன! செலவு குறைந்தது மெய்யே. ஆனால் இரு பாதைகளும் சந்தித்த இடங்களிலெல்லாம் மூட்டைகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றவேண்டி வந்தது. அந்தக் கூலியை வியாபாரி கொடுத்தான். அவன் அதை யாரிடம் வசூலித்தான் என்று சொல்லவும் வேண்டுமா?

தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் 1870-களில் செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் மார்க்கமாக இப்பாதையை அமைத்தனர். 1879-இல் விழுப்புரத்திலிருந்து பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரிக்கு ஒரு கிளை பிரிந்தது.

சென்னையின் புறநகர் வாழ்வை உண்டாக்கியது 1931-இல் வந்த மின்சார ரயில். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறக்குறைய 29 கிலோமீட்டர். மாம்பலத்தில் ஏரி இருந்த நிலத்தில் தியாகராய நகர் அப்பொழுதுதான் எழுந்துகொண்டிருந்தது. பட்டணத்துக்குள் குடக்கூலி கொடுக்க இயலாத குமாஸ்தா, பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் குடியிருந்துகொண்டே நேரத்தில் ஆபீஸ் போய்ச் சேர அந்த வண்டி வழி செய்தது. பின்னர் 1960-களில் கம்பி விழுப்புரம் வரை நீண்டது. அதற்கென்று ஜப்பானில் செய்த 20 எஞ்சின்கள் வந்து இறங்கின.

நாடெங்கும் ஒரே அகலத்தில் பாதை வேண்டும் என்ற திட்டம் 1992-இல் தொடங்கிற்று. அது நியாயமான திட்டம். மூட்டை மாற்றும் அவஸ்தை அதனால்தான் ஒழிந்தது. திண்டிவனம் வழிப் பாதை அகலமாயிற்று. கடற்கரை - தாம்பரம் குறும்பாதையில் 2004-ஆம் வருஷத்தோடு மின்சார வண்டிகள் நின்றன. அதே ஆண்டில் புதுச்சேரிக் கிளையும் மாறியது.

1964-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடிப் பாதைக்கு இடிபாடுகளாவது மிஞ்சின. அகலமாக்கப்பட்ட பாதைக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. பழைய கரையின்மேலேயே புதிய தண்டவாளம் கிடக்கிறது. திண்டிவனத்தில் நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. 1908-இல் திறந்த எழும்பூர்க் கட்டடம் நிற்கிறது. பெரம்பூரில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தில் சில மீட்டர் பாதைப் பெட்டிகளைக் காணலாம். விழுப்புரம் நிலையத்தில், கம்பி முடிந்த இடம் இது என்று ஒரு சிறு பலகை நாட்டினால் ரயில்வேக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

ஓடுகிற மீட்டர் பாதை வண்டியைக் குழந்தைகளுக்குக் காட்ட விரும்புவோர் மேட்டுப்பாளையம் சென்று நீலகிரி மலை ரயிலில் ஏறலாம். ஆனால் அங்கே மேலே கம்பி கிடையாது.