ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்துக்கு வழி காட்டும்



எங்கள் நம்பிக்கை நிதியம் சில தோட்டங்களில் புத்தக அலுமாரி வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்திலோ வாசிகசாலையிலோ அது இருக்கும். அண்மையில் ஓர் அலுமாரியைத் திறந்து பார்த்தோம். மேல் தட்டில் இருந்த காதல் நாவல்களுக்கு அட்டை கிழிந்து, மூலை மடங்கி, எண்ணெய்க் கறையும் தேத்தண்ணிக் கறையும் பட்டிருந்தன. அதைப் பார்த்து எங்களுக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. ஆனால் கீழ்த் தட்டில் இருந்த சரித்திரம், கட்டடக் கலை, விஞ்ஞானப் புத்தகங்கள் கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தன. தூசி மட்டும் ஏறியிருந்தது.

"இதையெல்லாம் ஏன் யாரும் எடுக்கிறதில்லை?" என்று கேட்டோம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த ஓர் அக்கா சொன்னார்: "அது படிச்சவங்க படிக்கிறதுங்க. நமக்கெதுக்கு?"

இந்த "நமக்கெதுக்கு" என்ற சொல்லைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம். காதல் கதை படிப்பதை விடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கிருந்தே தொடங்குங்கள் என்கிறோம்.

கதையிலிருந்து சரித்திரத்துக்கு

பலரும் விரும்பிப் படிக்கும் 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்வோம். கல்கி இதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடர்கதையாக எழுதினார். வந்தியத்தேவனும் குந்தவையும் ஒருவரை ஒருவர் விரும்புவது அதில் வருகிறது. இரண்டாம் பாகத்தில் வந்தியத்தேவன் இலங்கைக்கே வருகிறான்.

படித்து முடித்ததும் மனதில் ஒரு கேள்வி எழும்பும். இதெல்லாம் உண்மையா? அந்தக் கேள்வி வந்த நேரமே நீங்கள் சரித்திரப் புத்தகத்தின் வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே போனால் பதில் கிடைக்கும். குந்தவை உண்மையில் வாழ்ந்தவர், முதலாம் இராஜராஜனின் தமக்கை. அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி என்று தஞ்சைக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. ஆனால் நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள். எது நடந்தது, எது புனைந்தது என்று பிரித்துப் பார்க்கப் பழகுவது சின்ன விஷயம் அல்ல. மேடையில் பேசுகிறவர் சொல்வதையும், தேர்தல் நேரத்தில் லயத்துக்கு வந்து சொல்வதையும் பிரித்துப் பார்க்க அந்தப் பழக்கம் உதவும்.

சோழர் இங்கே வந்ததும் கதையில்லை. அநுராதபுரத்தைக் கைப்பற்றி, பொலன்னறுவையிலிருந்து ஆண்டார்கள். 1070ஆம் ஆண்டளவில் முதலாம் விஜயபாகு மன்னன் அவர்களை வெளியேற்றினான். பொலன்னறுவைக்குச் சுற்றுலா போனவர்கள் அங்கே கருங்கல்லால் கட்டிய ஒரு சிவன் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் சிவ தேவாலயம் என்று அதைச் சொல்வார்கள். வானவன்மாதேவி ஈச்சரம் என்பது அதன் பழைய பெயர். அது சோழர் காலத்தில் எழுந்தது.

சரித்திரத்திலிருந்து கட்டடத்துக்கு

அந்தச் சின்னக் கோயிலைப் பார்த்த கண் தஞ்சைப் பெரிய கோயிலைத் தேடும். 1010இல் முடிந்த அந்தக் கோயிலின் விமானம் ஏறத்தாழ 200 அடி உயரம். தஞ்சைச் சமவெளியில் கருங்கல் மலை கிடையாது. அவ்வளவு கல்லும் தூரத்திலிருந்து வந்தாக வேண்டும். யார் வெட்டினார்கள், யார் இழுத்தார்கள், மேலே எப்படி ஏற்றினார்கள்? கட்டடக் கலைப் புத்தகம் ராஜாவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. கல்லைத் தூக்கிய கூலிக்காரனின் தோளைப் பற்றியும் பேசுகிறது. நமக்கு அது அந்நியமான பேச்சா?

கட்டடத்திலிருந்து விஞ்ஞானத்துக்கு

தஞ்சைக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது தவறு. காலையிலும் மாலையிலும் நிழல் நன்றாகவே விழுகிறது. சூரியன் உச்சிக்கு வரும்போது நிழல் குறுகி, அகன்ற அடிப்பாகத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ளத் தஞ்சைக்குப் போகத் தேவையில்லை. காலையில் பிரட்டுக் களத்தில் நிற்கும்போது உங்கள் நிழல் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மறுபடி பாருங்கள். ஏப்ரல் முற்பகுதியில் நடுப்பகலில் சூரியன் நம் நாட்டுக்கு நேர் மேலே வருகிறது. அப்போது உங்கள் நிழல் உங்கள் காலடிக்குள் போய்விடும். ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தப் பிள்ளைக்கு விஞ்ஞானப் புத்தகம் கொடுக்க வேண்டிய நாள் அதுதான்.

பார்த்தீர்களா? காதல் கதையில் தொடங்கினோம். சரித்திரம், கட்டடம், விஞ்ஞானம் என்று நாலு தட்டையும் தொட்டுவிட்டோம். யாரும் நம்மை அதட்டிப் படிக்க வைக்கவில்லை. ஒரு கேள்வி இன்னொரு கேள்வியை இழுத்துக்கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

நம்முடைய மலையிலும் அதே பாதைதான்

இதே பாதையை நம் மலையிலிருந்தும் தொடங்கலாம். புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்களின் கதை. சி. வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் தோட்டத்துக்குள்ளிருந்தே எழுதியவர்கள். இவர்கள் கதையில் லயமும் பீலியும் கங்காணியும் வருவார்கள். படிக்கும்போது "இது நம்ம பாட்டி சொன்ன கதையாச்சே" என்று தோன்றும்.

பாட்டன் பூட்டன் ஏன் வந்தார்கள் என்று கேட்டால் சரித்திரம் கதவைத் திறக்கும். அவர்கள் முதலில் வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பிச் செடியில் ஓர் இலைநோய் காணப்பட்டது. இருபது வருஷத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்து, அதே மலைகளில் தேயிலை ஏறியது.

அந்த நோய் என்ன என்று கேட்டால் விஞ்ஞானம். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணம். அதன் நுண்ணிய வித்துகள் காற்றில் பறந்து ஈர இலையில் ஒட்டி முளைக்கும். 1880இல் இங்கே வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். ஒரே செடியை மலை மலையாக, இடையில் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லாமல் நட்டால் நோய்க்கு அது ராஜபாட்டை என்று எடுத்துக் காட்டினார். தேயிலையில் வரும் கொப்புள நோய் உங்களுக்குப் புதிதல்ல. 1946இல் இந்நாட்டுக்கு வந்த அதுவும் ஒரு பூஞ்சணம்தான். மழையும் மூட்டமும் உள்ள மாதங்களில் அது ஏன் கூடுகிறது என்று உங்கள் கைக்குத் தெரியும். அதன் காரணத்தைப் புத்தகம் சொல்லும். கைக்குத் தெரிந்ததும் புத்தகத்துக்குத் தெரிந்ததும் ஒன்று சேர்ந்தால் அந்த அறிவுக்குத் தனிப் பலம்.

கட்டடக் கலைப் புத்தகமும் அப்படித்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயத்தில், அடுப்புப் புகை ஏன் வெளியே போகாமல் நிற்கிறது? பின்பக்கம் சுவர் அடைத்திருப்பதால் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறு பக்கத்தால் போக வழியில்லை. சூடான காற்று மேலே ஏறும். மேலே வழி வைத்தால் புகையும் அதோடு போகும்.

லோரி பேக்கர் (1917–2007) என்ற கட்டடக் கலைஞர் இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் ஏழைகளுக்காக மலிவான நல்ல வீடுகள் கட்டியவர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை அவர் நிறையப் பயன்படுத்தினார். ஏறத்தாழக் கால் பங்கு கல் மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் குளிரையும் தடுக்கும். செலவைக் குறைக்கும் வழிகளை அவர் படம் போட்டுச் சிறு நூல்களாக எழுதினார். தனி வீடு கட்டக் காத்திருக்கும் குடும்பம் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால், "ஜன்னலை இங்கே வைங்க பாஸ்" என்று மேசன் பாஸிடம் சொல்லத் தைரியம் வரும். கட்டி முடிந்த பிறகு சுவரை உடைப்பது லேசான காரியமா?

புத்தகம் கட்டிய பையன்

"நமக்கெதுக்கு" என்று கேட்பவர்களுக்கு உண்மைக் கதை ஒன்று.

லண்டனில் ஒரு கொல்லரின் மகன். 1791இல் பிறந்தான். வீட்டில் வறுமை. பதினாலு வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழக விட்டார்கள். கிழிந்த தாளைத் தைத்து அட்டை போடுவது அவன் வேலை. ஆனால் தைப்பதற்கு முன் படித்துப் பார்ப்பான். ஒரு கலைக்களஞ்சியத்தைக் கட்டும்போது அதில் மின்சாரம் பற்றிய பகுதியைப் படித்தான். ஜேன் மார்செட் என்ற பெண்மணி, சாதாரண மக்களுக்கும் விளங்கும்படி, ஆசிரியையும் மாணவிகளும் பேசுவது போல எழுதிய இரசாயனவியல் நூலைப் படித்தான்.

1812இல் ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் சொற்பொழிவைக் கேட்க அவனுக்கு அனுமதிச் சீட்டுக் கிடைத்தது. கேட்டதையெல்லாம் எழுதி, தன் கையாலேயே அழகாகக் கட்டி, டேவிக்கு அனுப்பினான். அடுத்த வருஷம் அவருடைய ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது.

அவர்தான் மைக்கேல் ஃபாரடே. 1831இல் காந்தத்தையும் கம்பிச் சுருளையும் வைத்து மின்சாரம் உண்டாக்கலாம் என்று காட்டினார். லக்ஷபான நீர்மின் நிலையம் உட்பட, நம் ஆறுகளில் சுழலும் மின்பிறப்பாக்கிகள் எல்லாம் அந்த விதிப்படிதான் ஓடுகின்றன. அவர் பள்ளியில் பெற்றது எழுத, வாசிக்க, கணக்குப் பார்க்கும் அளவு படிப்பு மட்டுமே. அன்று அந்தக் கடையில் "இது படிச்சவங்க படிக்கிறது" என்று அந்தப் பையன் பக்கத்தை மூடியிருந்தால்?

நூலகத்தில் தேடுவது எப்படி

நூலகத்துக்குள் போனால் தலை சுற்றுகிறது என்கிறார்கள். புத்தக முதுகில் ஓர் எண் ஒட்டியிருக்கும். 1876இல் மெல்வில் டூயி வகுத்த முறை அது. இதை மட்டும் ஞாபகம் வையுங்கள்:

500 – விஞ்ஞானம்
610 – மருத்துவம், சுகாதாரம்
630 – விவசாயம்
720 – கட்டடக் கலை
800 – கதை, கவிதை, நாவல்
900 – சரித்திரம், பயணம்

நூலகரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சீர்காழியில் பிறந்து, நூலக உலகமே மதிக்கும் அறிஞராக உயர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகளை வெளியிட்டார். புத்தகம் பயன்படுத்தத்தான், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் உண்டு, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது. எட்டு மணி நேரம் மலையில் நின்றுவிட்டு வருகிறவருக்கு அந்த நாலாவது விதி எவ்வளவு பெரிது! கேட்பது உங்கள் உரிமை.

நூலகம் தூரம் என்றால், 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகத்தில் ஈழத்து, மலையக நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் பிள்ளையின் கைத்தொலைபேசி இருந்தால் போதும்.

நாங்கள் கேட்பது

1. மூன்று கதைப் புத்தகம் எடுத்தால், நாலாவதாகக் கீழ்த் தட்டிலிருந்து ஒன்று எடுங்கள்.

2. முழுவதும் படிக்கத் தேவையில்லை. முதல் பத்துப் பக்கம் படியுங்கள், படத்தைப் பாருங்கள். பிடிக்காவிட்டால் திருப்பி வையுங்கள். அது குற்றமில்லை.

3. மனதில் வந்த கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த புத்தகத்துக்கு அதுதான் சீட்டு.

4. வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்து பிள்ளைகள் உரக்க வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாதவர் யோசிக்கத் தெரியாதவர் அல்ல. நல்ல கேள்விகள் பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் வருகின்றன.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. அன்று அவர் மகள் கோப்பியைப் பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்துப் போனாள். அடுத்த மாதம் நாங்கள் போனபோது அது அலுமாரியில் இல்லை. "எங்கே?" என்று கேட்டோம்.

"ரெண்டாவது லயத்துல ஒருத்தர் கொண்டு போனாருங்க" என்றார் அக்கா. "அவருக்குப் பிறகு எனக்குத்தான். மகள் பாதிதான் வாசிச்சுக் காட்டினா. மிச்சம் என்னாச்சுன்னு தெரியணுமே!"

அட்டை கிழிந்து வந்தாலும் பரவாயில்லை. நாங்கள் வேறு அட்டை போட்டுக்கொள்கிறோம்.