வியர்வை எனும் காவலன்

1774ஆம் ஆண்டு இலண்டன் நகரில், மருத்துவர் சார்ல்ஸ் பிளாக்டன், 120 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேற்றப்பட்ட அறையொன்றில் சில நிமிடங்கள் நின்றார். அங்கு வைத்த முட்டை வெந்தது; இறைச்சியும் வெந்தது. அவரோ நலமுடன் வெளியே வந்தார்!

இஃது எவ்வாறு என நாம் வியக்கலாம். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி, நம் உடல் வெப்பத்தை 37 பாகையளவில் நிலைநிறுத்துகிறது. வெப்பம் மிகுந்தால் தோலின் இரத்த நாளங்கள் விரிகின்றன, வியர்வை சுரக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலினின்று கவர்ந்து செல்கிறது. குளிரிலோ நாளங்கள் சுருங்குகின்றன. தசைகள் நடுங்கி வெப்பம் தருகின்றன.

ஆனால், பிளாக்டனுக்குத் துணைநின்றது வறண்ட காற்று. ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை ஆவியாகாது வழிந்தோடும். காவலன் செயலற்று நிற்பான். உடல் வெப்பம் 40 பாகையை எட்டி, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலெங்கும் நீரூற்றி விசிறி, மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் புகட்டலாகாது.

முதியோருக்கு வியர்வையும் குறைவு. தாக உணர்வும் குறைவு. ஆதலின் கோடையில், அவர்கள் கேட்குமுன்னரே ஒரு குவளை நீர் கொடுப்போமாக.